பூவைத் திருப்பிப் பாருங்கள்: மேரிகோல்ட் என்ற பெயரில் உலவும் செடிகளைப் பிரித்தறிய ஒரு முழு வழிகாட்டி

இங்கிலாந்துக்கு வந்த முதல் வசந்தத்தில், ஆற்றோர நடைபாதை ஒன்றில் ஒரு அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். இந்த ஈரநிலத்தில் மார்ஷ் மேரிகோல்ட் பூத்திருக்கிறது, பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று எழுதியிருந்தது. மேரிகோல்ட் என்றால் நமக்குச் செண்டுமல்லிதானே, அன்று சாயங்காலமே அம்மாவுக்குப் போன் போட்டு "இங்கே செண்டுமல்லி சேத்துல வளருதும்மா" என்றேன். "சேத்துல வச்சா வேர் அழுகிடுமேடா, நல்லாப் பாத்தியா?" என்றார். நான் நல்லாப் பார்க்கவில்லை. பலகையைத்தான் படித்திருந்தேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால் அது செண்டுமல்லியும் இல்லை, செண்டுமல்லிக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. அதற்குப் பிறகு இந்தப் பெயர்க் குழப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்ததில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டில் இருப்பவர்கள், ஆன்லைனில் விதை வாங்குபவர்கள், மேரிகோல்ட் டீ, மேரிகோல்ட் எண்ணெய் என்று எதையாவது பார்த்து யோசிப்பவர்கள் எல்லோருக்கும் உதவும்.

முதலில் பெயரைத் தூக்கி ஓரமாக வையுங்கள்

ஆங்கிலத்தில் மேரிகோல்ட் என்பது மேரி மாதாவின் தங்கம் என்ற பொருளில் வந்த பெயர். ஐரோப்பாவில் அந்தப் பெயர் முதலில் கேலண்டுலா அஃபிசினாலிஸ் என்ற செடிக்குத்தான் இருந்தது. அப்புறம் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ, கொஞ்சம் உருண்டையாக எந்தப் பூவைக் கண்டாலும் முன்னால் ஒரு அடைமொழி சேர்த்து மேரிகோல்ட் ஆக்கிவிட்டார்கள். நாம் மாலை கட்டும் செண்டுமல்லி, அதாவது டேஜிடஸ், மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் பிறந்தது. ஸ்பானியர்கள் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்தது. ஆனால் அதன் பெரிய வகைக்கு ஆங்கிலப் பெயர் ஆப்பிரிக்கன் மேரிகோல்ட், குட்டை வகைக்கு ஃபிரெஞ்ச் மேரிகோல்ட். ஆப்பிரிக்காவுக்கும் பிரான்சுக்கும் அதன் பிறப்பில் ஒரு பங்கும் கிடையாது.

சிரிக்க வேண்டாம், நாமும் இதையேதான் செய்தோம். செண்டுமல்லி மல்லி இல்லை. அதன் இன்னொரு பெயரான துலுக்கச் சாமந்தியை எடுத்துக்கொண்டால், அது சாமந்தியும் இல்லை, துருக்கியிலிருந்து வந்ததும் இல்லை. எனவே பெயரை வைத்துச் செடியைத் தேடினால் வழி தவறும், நிறத்தை வைத்துத் தேடினால் இன்னும் மோசம். நான் நம்புவது ஒன்றே ஒன்றைத்தான்: பூவைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பார்ப்பது. முன்பக்கம் எல்லாம் ஒரே மஞ்சள். பின்பக்கம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

படி 1: செடி எங்கே நிற்கிறது, எந்த மாதம்?

கையைப் பூவில் வைக்கும் முன் காலடியைப் பாருங்கள். மார்ஷ் மேரிகோல்டுக்குத் தாவரவியல் பெயர் கால்த்தா பலூஸ்ட்ரிஸ். பலூஸ்ட்ரிஸ் என்றால் லத்தீனில் சதுப்பு நிலத்துக்குரியது. சேறு, ஓடைக்கரை, வாய்க்கால், ஈரமான ஆல்டர் மரக்காடு, வெள்ளம் வந்து போகும் புல்வெளி, இவைதான் அதன் வீடு. ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா என்று வட அரைக்கோளத்தின் குளிர்ப்பகுதிகள் முழுக்க இருக்கிறது. இமயமலையிலும் உண்டு, ஆனால் காஷ்மீர்ப் பக்கம் ஈரமான மலைப்புல்வெளிகளில் இதன் பூ பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும், எனவே அங்கே மஞ்சளை எதிர்பார்த்துப் போனால் பக்கத்திலேயே நின்றுகொண்டு தேடுவீர்கள். அமெரிக்காவின் ராக்கி மலைகளிலும் வெள்ளைப் பூ உண்டு, அது கால்த்தா லெப்டோசெபலா என்ற தனி இனம்.

பிரிட்டனில் மார்ஷ் மேரிகோல்ட் மார்ச்சிலிருந்து மே, ஜூன் வரை பூக்கும். செண்டுமல்லியை அங்கே உறைபனி முடிந்த பிறகுதான் வெளியே நடுவார்கள், அது கோடையில் பூக்கத் தொடங்கி அடுத்த உறைபனி வரை நிற்கும். கேலண்டுலாவும் கோடைக்காரன்தான், ஆனால் குளிரைக் கொஞ்சம் தாங்கும். ஆக ஏப்ரல் தொடக்கத்தில், சேற்றில் நின்றுகொண்டு, கண்ணைக் கூச வைக்கும் மஞ்சளில் ஒன்றைப் பார்த்தால் அது டேஜிடஸ் இல்லை என்று அங்கேயே முடிவு செய்துவிடலாம். அம்மா சொன்னது இதைத்தான், ஆயிரக்கணக்கான மைல் தள்ளி உட்கார்ந்து, செடியைப் பார்க்காமலே.

படி 2: பூவைத் திருப்புங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாக இருங்கள். பூவைப் பறிக்க வேண்டாம், காம்பை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகச் சாய்த்தால் போதும்.

மார்ஷ் மேரிகோல்டைத் திருப்பினால் ஆச்சரியமாக இருக்கும், அடியில் ஒன்றுமே இருக்காது. பச்சையாகப் புல்லி இதழ் இல்லை, கிண்ணம் இல்லை, செதில் இல்லை. காம்பு நேராக வந்து மஞ்சளில் முடிந்துவிடும். காரணம், நாம் இதழ் என்று நினைக்கும் அந்த ஐந்து (சில பூக்களில் ஏழு, எட்டுகூட) மஞ்சள் தகடுகளே புல்லி இதழ்கள்தான். உண்மையான அல்லி இதழ் இந்தப் பூவுக்குக் கிடையாது. மொட்டாக இருக்கும்போது வெளிப்புறம் பச்சை பூசினாற்போல் இருக்கும், விரிய விரிய அது மறைந்துவிடும், அதனால் பாதி விரிந்த மொட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

செண்டுமல்லியைத் திருப்பினால் ஒரே துண்டாக ஒட்டிய பச்சைக் குடுவை இருக்கும். மாலை கட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், ஊசி குத்துவது அந்தக் குடுவையில்தான், அது கெட்டியாக இருப்பதால்தான் பூ நூலில் நிற்கிறது. அந்தக் குடுவை தனித்தனிச் செதில்கள் ஒன்றோடொன்று இணைந்து உருவானது, அதில் சின்னச் சின்ன எண்ணெய்ப் புள்ளிகளும் தெரியும். மார்ஷ் மேரிகோல்டில் ஊசி குத்த இடமே இல்லை, நான் கேள்விப்பட்டவரை யாரும் அதை மாலை கட்டியதில்லை, கட்டினாலும் தகடுகள் உதிர்ந்து வெறும் நூல்தான் மிஞ்சும்.

கேலண்டுலாவின் அடியில் பச்சைச் செதில்கள் மெல்லியதாக, நீளமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒன்றிரண்டு வரிசையாக நிற்கும். தொட்டால் விரலில் பிசின் மாதிரி லேசாக ஒட்டும்.

கார்ன் மேரிகோல்ட் என்று இன்னொன்று இருக்கிறது, கிளெபியோனிஸ் செகெட்டம், தானிய வயல்களில் களையாக வரும் மஞ்சள் பூ, பார்க்க மஞ்சள் டெய்சி. இதன் அடியில் செதில்கள் வீட்டுக் கூரை ஓடு போல ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருக்கும், ஓரம் மட்டும் காய்ந்த காகிதம் போல மெலிந்து பழுப்பாக இருக்கும். நம் சாமந்தியின் அடியையும் ஒருமுறை பாருங்கள், இதே ஓடு வேய்ந்த அமைப்பு. இரண்டும் நெருங்கிய உறவு, கார்ன் மேரிகோல்ட் முன்பு சாமந்திப் பேரினத்திலேயே வைக்கப்பட்டிருந்தது.

பர் மேரிகோல்ட் எனப்படும் பைடன்ஸ்தான் ஆளை ஏமாற்றும், ஏனென்றால் அதுவும் ஈரநிலத்தில் வளரும், அதன் பெயரிலும் மேரிகோல்ட் இருக்கிறது. ஆனால் அடியைப் பார்த்தால் இரண்டு விதமான செதில்கள் இருக்கும், உள்ளே குட்டையானவை, வெளியே நிஜ இலை போல நீண்டு பூவுக்குக் கீழே விரிந்து நிற்பவை. பூப்பதும் கோடையின் பிற்பகுதியில், மார்ஷ் மேரிகோல்ட் பூத்து ஓய்ந்த பிறகு.

படி 3: ஒரு பூவா, பூக்கூட்டமா?

இப்போது முன்பக்கம். செண்டுமல்லி, கேலண்டுலா, கார்ன் மேரிகோல்ட், பைடன்ஸ் எல்லாம் சூரியகாந்திக் குடும்பம். அவற்றில் நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் பல சிறு பூக்கள் சேர்ந்த கூட்டம். செண்டுமல்லியிலிருந்து ஒரே ஒரு 'இதழை' அடியோடு உருவிப் பாருங்கள், அதன் கீழ்முனையில் ஒரு கறுத்த குச்சி ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் விதையாகப் போவது. ஒவ்வொரு 'இதழும்' தனிப் பூ என்பதற்கு அதுவே சாட்சி.

மார்ஷ் மேரிகோல்ட் அப்படியில்லை, அது ரனன்குலேசியே குடும்பம், பட்டர்கப் பூக்களின் சொந்தம். ஒரே பூ, நடுவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மகரந்தத் தாள்கள், அவற்றுக்கும் நடுவில் சில பச்சைச் சூலகங்கள். விரித்த கிண்ணம் மாதிரி இருக்கும், கிங்கப் என்று பிரிட்டனில் சொல்வது பொருத்தம்தான். நம் கண்ணுக்கு அந்த மஞ்சள் முழுக்க ஒரே மாதிரி தெரிகிறது. ஆனால் தகடுகளின் வெளிப்பகுதி புறஊதா ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, உள்பகுதி அனுப்புவதில்லை, அதனால் புறஊதாவைப் பார்க்கும் தேனீக்கு நடுவில் ஒரு இருண்ட வட்டம் தெரியும், தேன் இங்கே என்று கோலம் போட்டு வைத்ததுபோல.

நர்சரிகளில் ஒரு பொறி உண்டு. மார்ஷ் மேரிகோல்டில் அடுக்குப் பூ வகை ஒன்று விற்கிறார்கள், தோட்டக்காரர்கள் அதை ஃபுளோரே பிளெனோ என்பார்கள். மகரந்தத் தாள்களெல்லாம் தகடாக மாறி, தள்ளி நின்று பார்த்தால் அசல் சின்னச் செண்டுமல்லி மாதிரியே இருக்கும். நானும் ஒருமுறை ஏமாந்தேன். படி 2க்குத் திரும்புங்கள், அடியில் பச்சைக் குடுவை இல்லையென்றால் அது செண்டுமல்லி இல்லை.

படி 4: இலை

இலை விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒருமுறை பார்த்தால் மறக்காது. மார்ஷ் மேரிகோல்ட் இலை வட்டமாக, இதய வடிவில் அல்லது சிறுநீரக வடிவில், உள்ளங்கை அளவுக்கு, எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும், ஓரத்தில் மெல்லிய பற்கள் இருக்கும். கிட்டத்தட்ட நம் வல்லாரை இலையைப் பெரிதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. (வல்லாரையும் ஈரத்தில்தான் வளரும் என்பதால் இந்த ஒப்பீட்டைச் சொல்லவே பயமாக இருக்கிறது, சமையலுக்குப் பறித்துவிடாதீர்கள், காரணம் கீழே வருகிறது.) செண்டுமல்லி இலை இறகு போலப் பல சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும், பெரும்பாலும் எதிரெதிராக இருக்கும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எண்ணெய்ப் புள்ளிகள் கண்ணாடித் துளைகள் போலத் தெரியும். கேலண்டுலா இலை பிரியாது, கரண்டி வடிவில், மெல்லிய ரோமத்தோடு, மாறி மாறி வரும். கார்ன் மேரிகோல்ட் இலை சாம்பல் பூத்த பச்சை, ரோமமில்லாமல் சற்றுத் தடிப்பாக, ஓரம் கன்னாபின்னாவென்று வெட்டுப்பட்டு, தண்டைக் கட்டிப்பிடித்திருக்கும்.

படி 5: முகரலாமா?

செண்டுமல்லியை இலை கசக்கி முகர்ந்தே சொல்லிவிடலாம், அந்த வாசனை வேறெதற்கும் வராது. அந்தப் பழக்கத்தில் தெரியாத மஞ்சள் பூ எதைக் கண்டாலும் இலையைக் கசக்க நம் கை தானாகப் போகும். ஈரநிலத்தில் அதைச் செய்யாதீர்கள். மார்ஷ் மேரிகோல்ட் உட்படப் பட்டர்கப் குடும்பத்துச் செடிகள் பலவற்றில் ரனன்குலின் என்ற பொருள் இருக்கிறது, இலை நசுங்கியதும் அது புரோட்டோஅனிமோனின் என்ற எரிச்சலூட்டும் நஞ்சாக மாறும். தோலில் பட்டால் சிலருக்குக் கொப்புளம் வரும், பச்சையாகத் தின்றால் வாயும் வயிறும் எரியும். செடி காய்ந்துவிட்டால் இந்த நஞ்சு வீரியம் இழந்துவிடும், அதனால்தான் வைக்கோலில் கலந்த காய்ந்த செடியை மாடுகள் பாதிப்பில்லாமல் தின்கின்றன. வட அமெரிக்காவில் இளம் இலைகளைத் தண்ணீர் மாற்றி மாற்றி வேகவைத்துச் சாப்பிட்ட வழக்கம் உண்டு. உண்டு என்பதற்காக நீங்கள் செய்து பார்க்க வேண்டியதில்லை.

படி 6: உண்மையில் குழப்புபவர் யார்?

இதுவரை சொன்ன மேரிகோல்டுகள் எல்லாம் பெயரால்தான் குழப்புகின்றன, சேற்றில் நேரில் பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒட்டாது. மார்ஷ் மேரிகோல்டோடு நிஜமாகவே கலங்கிப் போவது மேரிகோல்ட் என்ற பெயரே இல்லாத ஒன்று: லெஸ்ஸர் செலண்டைன், ஃபிகேரியா வெர்னா. அதே குடும்பம், அதே வசந்தம், அதே ஈரம், அதே பளபள மஞ்சள், இதய வடிவ இலைகூட.

இங்கேயும் திருப்பிப் பார்ப்பதுதான் வழி. செலண்டைன் பூவின் அடியில் மூன்று பச்சைப் புல்லி இதழ்கள் இருக்கும், மேலே இதழ்கள் ஒடுங்கியவை, ஏழிலிருந்து பன்னிரண்டு வரை. சாதாரண பட்டர்கப் என்றால் அடியில் ஐந்து பச்சை, மேலே ஐந்து மஞ்சள். மூன்று பச்சை செலண்டைன், ஐந்து பச்சை பட்டர்கப், பச்சையே இல்லை என்றால் மார்ஷ் மேரிகோல்ட். இதை மட்டும் மனப்பாடம் செய்தால்கூடப் போதும். இன்னும் சந்தேகம் என்றால் அளவைப் பாருங்கள், செலண்டைன் தரையோடு படர்ந்த சின்னச் செடி, காம்புக்கு ஒரு பூ. மார்ஷ் மேரிகோல்ட் ஓர் அடி, ஒன்றரை அடி உயரத்துக்குப் புதராக நிற்கும், தண்டு கிளைத்துப் பல பூக்களைத் தாங்கும்.

இந்தக் குழப்பம் வட அமெரிக்காவில் வெறும் பெயர்ச் சிக்கலாக நிற்பதில்லை. அங்கே லெஸ்ஸர் செலண்டைன் ஐரோப்பாவிலிருந்து வந்து ஆற்றங்கரைகளை ஆக்கிரமித்த செடி, அதைப் பிடுங்கி எறியச் சொல்கிறார்கள். மார்ஷ் மேரிகோல்டோ அந்த மண்ணுக்கே சொந்தமான செடி. அவசரத்தில் பிடுங்குபவர்கள் தவறான ஒன்றைப் பிடுங்கிவிடுகிறார்கள். அங்கே சந்தேகம் வந்தால் மண்ணை லேசாக விலக்கி வேரைப் பாருங்கள், செலண்டைனுக்குச் சின்னச் சின்னக் கிழங்குகள் கொத்தாக இருக்கும். மார்ஷ் மேரிகோல்டுக்குக் கிழங்கே கிடையாது.

படி 7: பூ உதிர்ந்துவிட்டால் விதை

எனக்குப் பிடித்த படி இது. செண்டுமல்லி விதை எல்லோருக்கும் தெரியும், கறுத்த ஊசி, ஒரு முனையில் வெளிறிய குஞ்சம். கேலண்டுலா விதை வளைந்து, முதுகில் முள்முள்ளாக, சுருண்ட புழுவின் காய்ந்த உடல் போல இருக்கும், பாக்கெட்டைப் பிரித்ததும் அருவருப்பாக இருந்தால் அது கேலண்டுலா. பைடன்ஸ் விதையில் பின்னோக்கிய முள் கொண்ட கொம்புகள் இருக்கும், பைடன்ஸ் என்பதற்கே இரண்டு பல் என்றுதான் பொருள், நீலகிரியிலோ கொடைக்கானலிலோ நடந்துவிட்டு வந்து பேண்டில் ஒட்டிய கறுப்பு ஊசிகளைப் பிடுங்கியிருந்தால் இதன் உறவுக்காரன் ஒருவனை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

மார்ஷ் மேரிகோல்ட் விதை பரப்பும் விதம் தனி. பூ முடிந்ததும் நடுவிலிருந்த சூலகங்கள் பல காய்களாக முற்றி, நட்சத்திரம் போல விரிந்து, மேல்பக்கமாகத் திறந்துகொள்ளும். ஒவ்வொன்றும் விதைகள் நிரம்பிய சின்னக் கரண்டி. மழைத்துளி ஒன்று அதில் விழுந்தால் அந்த அடியிலேயே விதைகள் தெறித்து வெளியே போகும். காற்று வேண்டாம், பறவை வேண்டாம், மழை போதும். விதையின் ஒரு முனையில் பஞ்சு போன்ற பகுதி இருப்பதால் தண்ணீரில் மிதந்து அடுத்த கரைக்கும் போகும். சதுப்பில் பிறந்த செடிக்குத் தண்ணீரே எல்லா வேலையும் செய்கிறது.

கடையில் ஏன் இது முக்கியம்

சென்ற வருடம் களிம்பு செய்யலாம் என்று ஆன்லைனில் மேரிகோல்ட் விதை வாங்கினேன், பாக்கெட் மேல் ஆரஞ்சுப் பூப் படம். வளர்ந்து வந்தது செண்டுமல்லி. எனக்கு வேண்டியது கேலண்டுலா. ஆங்கிலத்தில் அதை பாட் மேரிகோல்ட் என்பார்கள், அந்த பாட் பூந்தொட்டி இல்லை, சமையல் பானை. அந்தக் காலத்தில் சூப்பில் போட்டதால் வந்த பெயர் அது. தோல் களிம்பு, டீ, சாலட்டில் தூவும் இதழ் என்று மேற்கில் சொல்வதெல்லாம் பெரும்பாலும் கேலண்டுலாதான்.

எண்ணெயில் இன்னும் கவனம் வேண்டும். கேலண்டுலா எண்ணெய் என்பது பெரும்பாலும் பூவை வேறொரு தாவர எண்ணெயில் ஊறவைத்து எடுப்பது. டேஜிடஸ் எண்ணெய் காய்ச்சி வடித்த வாசனை எண்ணெய், தோலில் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்ததுபோல் ஆகலாம். பாட்டிலில் மேரிகோல்ட் ஆயில் என்று மட்டும் போட்டிருந்தால் தாவரவியல் பெயரைத் தேடுங்கள், இல்லையென்றால் திருப்பி வைத்துவிடுங்கள்.

தோட்டத்தில் நூற்புழுவை ஒடுக்க மேரிகோல்ட் நடுங்கள் என்று படித்திருப்பீர்கள், அது டேஜிடஸ் மட்டும்தான். அதன் வேரிலுள்ள ஆல்ஃபா டெர்தியெனில் என்ற வேதிப்பொருள் செய்யும் வேலை அது, அதுவும் தக்காளிக்குப் பக்கத்தில் இரண்டு செடி வைத்தால் ஆகாது, பயிருக்கு முன் அந்தப் பாத்தி முழுக்க நெருக்கமாக வளர்த்தால்தான் பலன். கோழித்தீவனத்தில் கலந்து முட்டைக்கருவுக்கு நிறம் கொடுப்பதும் டேஜிடஸ்தான், சத்தியமங்கலம் பக்கம் அதற்காகவே ஒப்பந்த முறையில் பயிர் செய்கிறார்கள்.

மீதி மேரிகோல்டுகள், சுருக்கமாக

கேப் மேரிகோல்ட் தென்னாப்பிரிக்காவின் டைமார்ஃபோதீகா, இரவிலும் மேகமூட்டத்திலும் மூடிக்கொள்ளும் டெய்சி. டெசர்ட் மேரிகோல்ட் அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலங்களில் இருக்கும் பெய்லியா, ஆடுகளுக்கு ஆகாது. ஃபிக் மேரிகோல்ட் என்றால் தடித்த நீர்கொண்ட இலை உள்ள செடிகள், இவை சூரியகாந்திக் குடும்பமே இல்லை, மார்ஷ் மேரிகோல்டைப் போலவே பெயரை இரவல் வாங்கியவை.

வளர்க்க ஆசை வந்தால்

குளிர்காலம் நன்றாக இருக்கும் நாட்டில் இருந்தால் மட்டும். நம் ஊர்ச் சமவெளியில் மார்ஷ் மேரிகோல்ட் தங்காது, முயன்று காசை வீணாக்க வேண்டாம். காட்டிலிருந்து பிடுங்காதீர்கள், பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி நில உரிமையாளர் அனுமதியில்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு எடுப்பது குற்றம். நர்சரியில் வாங்கி, களிமண் கலந்த மண்ணில் நட்டு, குளத்தின் ஓரத்தில் வேர்ப்பகுதி எப்போதும் நனைந்திருக்கும்படி வைக்கலாம். குளம் இல்லையென்றால் ஓட்டையில்லாத பழைய டப் ஒன்று போதும், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். விதை போடுவதாக இருந்தால் பறித்த கையோடு போடுங்கள், காய்ந்த பழைய விதை பெரும்பாலும் கையை விரித்துவிடும். பூத்து முடிந்ததும் புதரைப் பிரித்தும் நடலாம்.

ஜூலை, ஆகஸ்டில் இலையெல்லாம் மஞ்சளாகிப் படுத்துவிடும். செத்துவிட்டது என்று நினைத்து முதல் வருடம் டப்பைக் கவிழ்க்கப் போனேன். கவிழ்க்காதீர்கள், தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டிருங்கள், பிப்ரவரி கடைசியில் சேற்றிலிருந்து சுருட்டிய பச்சை இலை ஒன்று தலையை நீட்டும்.